கழுத்தில் குத்தினால் சாக வேண்டும்

அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேம் வரிசையில் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் பழைய ஆட்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கேம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அசாசின்ஸ் கிரீட் இல்லை." 2017இல் ஒரிஜின்ஸ் வந்தபோது சொன்னார்கள், அடுத்த வருடம் ஒடிஸிக்குச் சொன்னார்கள், 2020இல் வல்ஹாலாவுக்கு இன்னும் சத்தமாக, 2025 மார்ச்சில் ஷேடோஸுக்கும் அதே பாட்டு. நானும் பாதி அந்தக் கோஷ்டிதான். ஆனால் இந்தப் புலம்பலில் எது நியாயம், எது வெறும் பழைய பாசம் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அடிக்கடி வரும் குற்றச்சாட்டு, ஹீரோ அசாசினே இல்லை, அதாவது ஒளிந்து வந்து கொல்கிற அந்த ரகசியக் கூட்டத்து ஆளே இல்லை என்பது. ஒடிஸியின் கசாண்ட்ரா காசுக்குச் சண்டை போடுகிற கூலிப்படைக்காரி, வல்ஹாலாவின் எய்வோர் கோடாரியோடு படகில் வந்து மடாலயங்களைக் கொள்ளையடிக்கிற வைக்கிங். சரி. அப்படியானால் 2013இல் வந்த பிளாக் ஃப்ளாக்கை என்ன செய்வது? எட்வர்ட் கென்வே ஒரு கடற்கொள்ளையன், செத்துப்போன அசாசின் ஒருவனின் உடையை எடுத்து மாட்டிக்கொண்டு கரீபியன் கடலில் சர்க்கரையும் ரம்மும் சூறையாடுகிறவன், அந்தக் கூட்டத்தின் கொள்கையெல்லாம் அவனுக்குக் கதை முடியப் போகும்போதுதான் மண்டையில் ஏறுகிறது. பாதி நேரம் கூரைமேல்கூட இருக்க மாட்டோம், கப்பலில்தான் இருப்போம். ஆனாலும் இந்த வரிசையில் எது பிடிக்கும் என்று கேட்டால் நிறைய பேர் அதைத்தான் சொல்வார்கள். நானும்தான். அதனால் "அசாசின் இல்லை" என்கிற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

என் கணக்கில் பிரச்சினை எதிரி எவ்வளவு பலசாலி என்று அவன் தலைக்கு மேல் தெரிகிற அந்த லெவல் எண்.

ஒடிஸியில் இது நடக்காத ஆளே இருக்க முடியாது: ராத்திரி, கோட்டைக்குள் புதருக்குப் புதர் ஊர்ந்து, காவலர்கள் திரும்புகிற நேரம் பார்த்து நகர்ந்து, கடைசியில் கேப்டனின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறோம், பட்டனை அழுத்துகிறோம், லியோனிடஸின் ஈட்டி முனை ஆளுக்குள் முழுசாக இறங்குகிறது, மிச்ச உயிரைக் காட்டுகிற அவனுடைய ரத்தக் கோட்டில் பாதிதான் குறைகிறது. அப்புறம் அவன் எழுந்து நின்று கோட்டை முழுக்க எழுப்பிவிடுகிறான். ஏன் சாகவில்லை? நம் லெவல் பத்தாது, அல்லது போட்டிருக்கிற கையுறையில் அசாசின் டேமேஜ் சதவீதம் குறைவு. 2007இல் முதல் பாகத்து ஹீரோ ஆல்டேர் காலத்திலிருந்து இந்த கேம் நமக்குக் கொடுத்த ஒரே வாக்கு, யாருக்கும் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் அந்த ஆள் காலி என்பதுதான். எட்வர்ட் கொள்ளையனாக இருந்தாலும் அவன் குத்தினால் ஆள் விழுந்தான். அதை உடைத்துவிட்டு எத்தனை தீவு கொடுத்தாலும் என்ன பிரயோஜனம்?

எண் எதற்கு என்றால், மெயின் கதையை நேராக ஓடி முடிக்க விடாமல் சைடு மிஷன் பக்கம் தள்ளத்தான். லெவல் பத்தாது, போய் நாலு முகாமை அழித்துவிட்டு வா என்கிறது. போதாததற்கு ஒடிஸியின் கடையில் லெவலை உயர்த்தும் அனுபவப் புள்ளிகளை வேகமாக ஏற்றுகிற பூஸ்டரைக் காசுக்கு விற்றார்கள். நடையை மெதுவாக்கியவர்களே செருப்பும் விற்றால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அதற்காகப் பழையதெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. முதல் பாகத்தில் 420 கொடிகளைப் பொறுக்கச் சொன்னார்கள், பொறுக்கி முடித்தால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. பிளாக் ஃப்ளாக்கிலேயே ஒருத்தன் பின்னால் சத்தம் போடாமல் நடந்து அவன் பேச்சை ஒட்டுக்கேட்கிற மிஷன்கள் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனாலும் முதலிலிருந்து. இதையெல்லாம் "அந்தக் காலம்" பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பாரிஸில் நடக்கிற யூனிட்டியின் கதை இன்னும் வேடிக்கை. 2014 நவம்பரில் வந்தபோது முகத்தில் தோலே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதக்கிற படங்கள் ஊர் முழுக்கச் சுற்றின, கேமைத் தயாரித்த யுபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு டெட் கிங்ஸ் என்கிற கூடுதல் கதையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் கேமிலும் வருகிற பாரிஸின் நோட்ர டாம் தேவாலயம் தீப்பிடித்த பிறகு கணினியில் ஒரு வாரம் யூனிட்டியையே இலவசமாகக் கொடுத்தார்கள், அதற்குள் கோளாறுகளைச் சரிசெய்கிற பேட்ச்சும் வந்திருந்தது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வந்திருந்தது, திட்டியவர்கள் வாயாலேயே பாராட்டு. இப்போது பார்கூர், அதாவது சுவரும் கூரையும் ஏறித் தாவி ஓடுவது, என்றாலே யூனிட்டிதான் உதாரணம். அது நியாயம்தான். இறங்குவதற்கென்றே தனி பட்டன் வைத்து, ஐந்தாவது மாடியிலிருந்து ஜன்னல் ஜன்னலாக வழிந்து தரைக்கு வருகிற அழகு அப்புறம் வந்த எதிலும் இல்லை.

சின்னதாக, பழையபடி வேண்டும் என்று கேட்டதற்கு 2023இல் மிராஜ் கொடுத்தார்கள். வல்ஹாலாவின் கூடுதல் கதையாகத் தொடங்கித் தனி கேமாக வளர்ந்தது, விலையும் குறைவு, ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத், ஒரே நகரம், கத்தி இறங்கினால் ஆள் காலி. உடனே "ரொம்ப சின்னதா இருக்கே" என்றார்கள். எனக்கு அளவு உறுத்தவில்லை. அதன் ஹீரோ பாசிம் சுவர் ஏறுகிற வேகம்தான் உறுத்தியது, எய்வோரின் கனமான உடம்பை அவனுக்கு மாட்டிவிட்ட மாதிரி.

ஜப்பானில் நடக்கிற ஷேடோஸில் இரண்டு பேராக விளையாடலாம். சாமுராய் யாசுகேவை எடுத்துக்கொண்டால் அவர் கதவை உடைத்துக்கொண்டு போகிறார், அது வேறு கேம். ஷினோபிப் பெண் (நிஞ்சா) நாஒயேவை எடுத்தால் விளக்கை அணைத்து, இருட்டில் தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்து, காகிதக் கதவுக்கு வெளியிலிருந்தே உள்ளே நிற்கிறவனைக் குத்தலாம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒளிந்து விளையாட ஒரு காரணம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதிலும் எண் உண்டு. செட்டிங்ஸில் "கேரண்டீட் அசாசினேஷன்" என்று ஒன்று இருக்கும், லெவல் எதுவானாலும் ஒளிந்து குத்தினால் ஆள் காலி, தொடங்குவதற்கு முன்பே ஆன் செய்துவிடுங்கள். வல்ஹாலாவிலும் இருக்கிறது. அதை ஆன் செய்தால் சுலபமாகிவிடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம். ஒடிஸிக்கு அந்த வசதி இல்லை, அதில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நேரடிச் சண்டைக்கே போய்விடுங்கள், கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க நல்ல கேம்.