கைதட்டிப் பார்த்த ஊர்: பார்சிலோனா நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

விடுதி அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஒரு முறை கைதட்டினேன். தொழில் கற்றுக்கொடுத்த பழக்கதோஷம். அலுவலகக் கூட்ட அறைகளுக்குக் கேமராவும் மைக்கும் பொருத்தும் வேலையில் பதினோரு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். எந்த அறையைப் பார்த்தாலும் கை பரபரக்கிறது. தட்டிய ஓசை சட்டென்று அடங்கினால் நல்ல அறை. சுவருக்குச் சுவர் மோதி ‘டிர்ர்’ என்று அதிர்ந்துகொண்டே போனால், அங்கே எத்தனை லட்சத்துக்கு மைக் வைத்தாலும் கடைசியில் நமக்கு வசவுதான். இந்த அறையில் கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, மெத்தை. ஓசை பஞ்சில் விழுந்த ஊசிபோல் காணாமல் போனது. பக்கத்து அறைக்காரர் என்ன நினைத்தாரோ.

நாளை முதல் நான்கு நாட்கள் ‘இன்டகிரேட்டட் சிஸ்டம்ஸ் யூரோப்’ கண்காட்சி. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் திருவிழா. 2004இல் ஜெனீவாவில் தொடங்கி, நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாமில் நடந்து, 2021 முதல் பார்சிலோனாவுக்கு வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து வந்த மெட்ரோவில் ஓட்டுநரே இல்லை. முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்த்தபடி வந்தேன், எனக்கு முன்னால் நின்ற எட்டு வயதுப் பையனோடு போட்டி போட்டுக்கொண்டு.

கிளம்பும்போது எங்கள் சார் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: “புதிய கேமராக்களின் விலையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.” பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். பதினான்கு பேர் அமரும் அறை, மூன்று பக்கமும் கண்ணாடி. கூட்டம் நன்றாக நடக்கவில்லை என்று ஆறு மாதமாகப் புகார். ஆளைத் தேடிப் பிடிக்கும் ஏஐ கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று அவரும் நம்புகிறார், சாரும் நம்புகிறார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஃபிரா கிரான் வியா வளாகத்தின் நீளத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. அரங்கிலிருந்து அரங்குக்குப் போக மேலே நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அப்படியும் மாலைக்குள் குதிகால் வீங்கிவிட்டது. காணொளிக் கூட்டக் கருவிகளெல்லாம் இரண்டாம் அரங்கில். உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு கேமரா என் முகத்தைக் கண்டுபிடித்துச் சட்டம் போட்டுத் திரையில் காட்டியது. தூக்கமில்லாத முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

இந்தக் கேமராக்கள் நன்றாக வேலை செய்கின்றன என்பதையும் எழுதிவிட வேண்டும். மேசையைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனிக் கட்டத்தில் காட்டுவது, பேசுகிறவரை நோக்கித் தானாகத் திரும்புவது, கண்ணாடிக்கு வெளியே நடந்துபோகிறவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எல்லாம் இப்போது எல்லா நிறுவனங்களிடமும் இருக்கின்றன. அதனால்தான் எதைப் பார்த்தும் வியப்பு வரவில்லை.

காலை 9.45க்குச் சென்னையிலிருந்து, அந்தக் கண்ணாடி அறையிலிருந்தே, என்னோடு வேலை செய்யும் தம்பியின் அழைப்பு. அங்கே பிற்பகல் 2.15.

“அக்கா, லண்டன்காரர்களுக்கு அவர்கள் பேசியதே திரும்பக் கேட்கிறதாம். நமக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் குறை அவர்கள் பக்கம்தானே?”

“இல்லை தம்பி. எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவர் அப்பாவி. குற்றம் எதிர்முனையில். அதாவது நம்மிடம்.”

அவர்கள் குரல் நம் ஸ்பீக்கரில் வெளியே வந்து, நம் மைக்குக்குள் புகுந்து, அவர்களிடமே திரும்பிப் போகிறது. அதைத் தடுக்கும் எதிரொலி நீக்கிக்கு, ஸ்பீக்கருக்கு எது போகிறது என்பதற்கு ஒரு பிரதி வேண்டும். அந்தப் பிரதியை மைக்கில் விழும் ஒலியிலிருந்து கழித்துவிட்டு மீதியை அனுப்புவதுதான் அதன் வேலை. தம்பியிடம் டிவியின் ஒலியைக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். நினைத்தபடியே ஆயிற்று: யாரோ நாங்கள் பொருத்திய ஸ்பீக்கரை விட்டுவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு ஒலியை மாற்றியிருக்கிறார்கள். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். உதட்டசைவோடு பொருந்த ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தும். நீக்கியின் கையில் இருக்கும் பிரதி ஒரு நேரம், அறையில் கேட்பது வேறொரு நேரம். அப்புறம் எதைக் கழிப்பது?

“யார் மாற்றினார்கள்?”

“யாருமே தொடவில்லை என்கிறார்கள் அக்கா.”

யாரும் தொடமாட்டார்கள். பதினோரு ஆண்டுகளில் ஒருவர்கூடத் தொட்டதில்லை.

பத்து நிமிடத்தில் சரியாயிற்று. வைப்பதற்கு முன், அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அழைப்பிலேயே தட்டினால் கைப்பேசி அதை இரைச்சல் என்று விழுங்கிவிடும். தனியாகப் பதிவு செய்தால்தான் கேட்கும்.

பிப்ரவரி 5, புதன்

சாம்சங் அரங்கில் 105 அங்குலத் திரை. சாதாரண டிவி 16:9 என்றால் இது 21:9. ஓரம் முதல் ஓரம் வரை கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர், உயரமோ ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இந்த நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து சேர்கிறவர்களைத் திரையின் அடியில் ஒரே வரிசையாக, மேசையில் இருப்பவர்களின் கண்மட்டத்தில் உட்காரவைக்கும் ‘ஃப்ரன்ட் ரோ’ அமைப்பை மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 2022இல் கொண்டுவந்தது. அந்த வரிசைக்குச் சாதாரண டிவியின் அகலம் போதவில்லை. நின்று பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆளுயரத்தில் இல்லாவிட்டாலும் தபால்தலை அளவில் இல்லை.

ஆனால் எனக்கு உடனே தோன்றியது வேறு. இந்தப் பெட்டி சென்னையில் எந்த லிஃப்டில் நுழையும்? முன்பு ஒரு முறை 98 அங்குல டிவியை ஏழாவது மாடிக்குப் படிவழியாக ஆறு பேர் சுமந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நிமிர்த்திச் சாய்த்துத் திருப்பியது பிணத்தை இறக்குவதுபோல் இருந்தது என்று அவர்களில் ஒரு பெரியவர் சொன்னார். அரங்கில் நின்ற பெண்ணிடம் பெட்டியின் அளவைக் கேட்டேன். தெளிவுத்திறனைச் சொன்னார்.

லாஜிடெக்கின் ‘ஸ்பாட்’ பிடித்திருந்தது. சுவரில் ஒட்டும் ஒரு சின்ன வட்டு. அறையில் ஆள் இருக்கிறாரா என்று ரேடாரால் அறியும். கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளக்கும். கேமரா இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்தில் எல்லாரும் கொட்டாவி விடுவதற்கு மேலாளரின் பேச்சு மட்டும் காரணமில்லை, அடைத்துக்கிடக்கும் காற்றும் காரணம் என்று எண்ணிக்கையோடு நிரூபிக்கலாம். எண்ணிக்கை வந்த பிறகு சன்னலைத் திறப்பார்களா என்பது வேறு கதை. எங்கள் ஊர்க் கண்ணாடிக் கட்டடங்களில் திறக்கச் சன்னலும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கூட்டத்தில் பேசுவதை எழுத்தாக்கும் ஏஐ ஒன்றைச் சோதிக்க ஓர் அரங்கில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் “வணக்கம்” என்றேன். திரையில் ஓவியர் வான்கா வந்து நின்றார். மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தமிழ் இல்லை என்று அங்கிருந்தவர் வருத்தத்தோடு சொன்னார். பேசுகிறவரின் குரலிலேயே வேறு மொழியில் பேசிக்காட்டும் மொழிபெயர்ப்பாளர் வசதியை மைக்ரோசாஃப்ட் சென்ற நவம்பரில் அறிவித்தபோதும் தொடக்கத்துக்கு 9 மொழிகள்தான், நம்முடையது இல்லை. அது வருகிறவரை சென்னைக் கூட்டங்களில் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம் என்று பேசிக்கொள்வதை எந்த இயந்திரமும் ஒட்டுக்கேட்க முடியாது என்று ஆறுதல் அடையலாம்.

சென்ஹைசரின் கூரை மைக்கின் கீழே வெகுநேரம் நின்றேன். வெள்ளைச் சதுரப் பலகை. உள்ளே 28 சிறு மைக்குகள். ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மில்லிநொடி ஆகிறது. ஒவ்வொரு மைக்குக்கும் குரல் வந்துசேரும் அந்த இம்மி வேறுபாட்டை வைத்தே, பேசுகிறவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று கணித்து அந்தப் பக்கம் காதைத் திருப்புகிறது. நல்ல கருவி. ஆனாலும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அதே குரல் நாலா பக்கமும் வந்தால் அதுவும் திணறத்தான் செய்யும்.

திரும்பும் வழியில், ஒரு மூலையில், ஒலியை உறிஞ்சும் பலகைகள் விற்கும் சிறிய அரங்கு. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை இழையாக்கி அழுத்திச் செய்த கம்பளிபோன்ற பலகை. ஒரே ஒரு முதியவர், ஆள் இல்லாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தம்பி அனுப்பிய கைதட்டலைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, “எத்தனை பக்கம் கண்ணாடி? மூன்றா?” என்றார்.

ஏதாவது வாங்கவேண்டும் போல் இருந்தது. அவரோ, ஒரு பக்கத்துக்குக் கனத்த திரைச்சீலை, எதிர்ச்சுவரில் பலகை, இரண்டும் இருந்தால் ஓசை அரை நொடிக்குள் அடங்கும், திரைச்சீலையை உங்கள் ஊரிலேயே தைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆரஞ்சில் பாதியைத் தந்தார்.

இரவு சாரிடம் பேசினேன். “திரைச்சீலையில் நமக்கு என்னம்மா நிற்கும்?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளம் அவர்தான் தருகிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

கடைசி நாள். 1,605 நிறுவனங்கள் பங்கேற்றதாகவும் 85,351 பேர் வந்ததாகவும் அறிவித்தார்கள். சென்ற ஆண்டு 73,891. என் குதிகாலுக்கு இந்த எண்ணிக்கை முன்பே தெரியும்.

எச்பியின் அரங்கில் பாலி கருவிகளைப் பார்த்தபோது, நான் முதன்முதலில் கழற்றிப் பூட்டிய முக்காலி வடிவக் கூட்டத் தொலைபேசி நினைவுக்கு வந்தது. பாலிகாம் 1992இல் கொண்டுவந்த சாதனத்தின் வாரிசு அது. 2018இல் பாலிகாமை பிளான்ட்ரானிக்ஸ் வாங்கி, பிறகு இரண்டுக்குமாகப் பாலி என்று பெயர் வைத்து, 2022இல் எச்பி அதையும் வாங்கிவிட்டது. முகம் காட்டாத அந்த முக்காலி மேசை நடுவில் கிடக்கும். எதிர்முனையில் இருப்பவர் காகிதத்தைப் புரட்டுவதுகூடக் கேட்கும். அதற்கும் முன்னால், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்டு டி நிறுவனம் படம் தெரியும் தொலைபேசியைக் காட்டியது. அதே ஆண்டு நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் அதற்கென்று கூடங்களும் திறந்தார்கள். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு மூன்று நிமிடம் பேச 16 டாலர். ஆள் வரவில்லை. விலை ஒரு காரணம். தலை வாராமல் தொலைபேசி எடுக்கும் சுதந்திரத்தை விட யாருக்கும் மனமில்லை என்பது என் கட்சி.

பிப்ரவரி 11, செவ்வாய். சென்னை

காலையில் தம்பியும் நானும் அந்தக் கண்ணாடி அறைக்குப் போனோம். விடுதியில் விரித்திருந்தது போன்ற கனமான துணி எங்களிடம் இல்லை. சரக்கு மூடிவரும் பருத்திக் கம்பளங்கள் நான்கை வண்டியிலிருந்து எடுத்துவந்து, ஏணியில் ஏறி ஒரு பக்கக் கண்ணாடி முழுவதும் கட்டித் தொங்கவிட்டோம். பார்ப்பதற்குத் துவைத்துப் போட்ட மொட்டைமாடிபோல் இருந்தது. லண்டனை அழைத்தோம். எதிர்முனையில் இருந்த அம்மையார் ஐந்து நிமிடம் பேசியபின், “புதிய மைக் வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கம்பளத்தைக் காட்டினேன். அவர் கைதட்டிப் பார்த்தார், பிறகு கம்பளத்தை விலக்கிவிட்டு மறுபடி தட்டினார். “அட” என்றார்.

மாலையில் சாருக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. அலுவலக உள்ளலங்காரத்துக்குத் திரைச்சீலை பொருந்தாது என்று வடிவமைப்பாளர் சொல்லிவிட்டாராம். 105 அங்குலத் திரைக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள்.

லிஃப்டின் அளவை எடுத்துவரத் தம்பியை அனுப்பியிருக்கிறேன்.