இடது ஓரத்திலிருந்து பார்த்த கதை

மேடையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் ஒரு துண்டு. வேறு எதுவும் இல்லை. கடைசி நிமிடம் வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.

நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். டிக்கெட் எடுக்கத் தாமதமானதால் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இடது ஓரம், நண்பர்கள் இருவருக்கு வலது ஓரம். கணக்காசிரியராக இருக்கும் தோழி நடுவில் தனியாக. ஒன்றாகப் பார்க்கலாம் என்று வந்துவிட்டு இப்படிச் சிதறி உட்கார்கிறோமே என்று எனக்கு வருத்தம்.

அவர் ஒருவரே எல்லாப் பாத்திரங்களாகவும் மாறி மாறிப் பேசி நடித்த கதை எளிமையானது. அம்மா இறந்துவிடுகிறார். அவருடைய தையல் மெஷின் யாருக்கு என்று அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை. அந்த மெஷினில் இரவெல்லாம் தைத்துத் தங்கையைப் படிக்க வைத்தவள் அக்கா. கடைசிக் காலத்தில் அம்மாவின் அருகிலேயே இருந்தவள் தங்கை. விசித்திரம் என்னவென்றால், மூன்றாவது பாத்திரம் அந்த மெஷின்! அதுவும் பேசுகிறது. குதிகால் தரையில் தட்டத் தட்ட, சொற்கள் தையல்போல ஓடிவரும். திடீரென்று நூல் அறுந்துவிடும். வாக்கியம் பாதியில் நிற்கும். அவர் துண்டின் ஓரத்தைப் பிரித்து, விரலால் முறுக்கி, உதட்டில் ஈரப்படுத்தி, இல்லாத ஊசியின் காதில் கோப்பார். முதல் தடவை நுழையாது. இரண்டாவது தடவையும் நுழையாது. அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நுழைந்ததும், அறுந்த சொல்லின் அடுத்த எழுத்திலிருந்து பேச்சு தொடரும். அந்த நூலை நான் பார்த்தேன். வெள்ளை நூல்.

வெளியே வந்ததும், “மெஷின் அக்காவுக்குத்தான். இதில் என்ன சந்தேகம்?” என்றேன்.

வலது ஓரத்து நண்பர்கள் இருவரும் நின்றுவிட்டார்கள். “தங்கை ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பதற்கு முன் உதட்டைக் கடித்துக்கொண்டாளே, அதைப் பார்த்துமா இப்படிச் சொல்கிறாய்?”

நான் பார்க்கவில்லை. தங்கை பேசியபோதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு காதும் கொண்டையும் மட்டுமே. “வேண்டுமானால் நீயே எடுத்துக்கொள்” என்று அக்கா சொன்னபோது அவள் கண்கள் நிறைந்ததை அவர்களும் பார்த்திருக்கவில்லை. அவர்களுக்கு அந்த வார்த்தை வெறும் கோபமாகவே கேட்டிருக்கிறது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜப்பானில் எடோ காலத்திலிருந்து (1603–1868) வளர்ந்துவரும் ரக்குகோ கதைசொல்லலிலும் கலைஞர் ஒருவர்தான். மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்து, ஒரு விசிறியையும் ஒரு கைத்துண்டையும் வைத்தே எல்லாப் பாத்திரங்களையும் காட்டிவிடுவார். விசிறி புகைக்குழாயாகும், சாப்பிடும் குச்சியாகும். துண்டு கடிதமாகும், பணப்பையாகும். யார் பேசுகிறார் என்பதைத் தலையைத் திருப்பித்தான் உணர்த்துவார். மூத்தவர், மதிப்பில் உயர்ந்தவர் பேசும்போது முகம் பார்வையாளர்களின் இடப்பக்கம் திரும்பும். எளியவர் பேசும்போது வலப்பக்கம். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார். அக்கா முழுக்க முழுக்க என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். நான் நியாயம் பார்த்து அவள் பக்கம் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்காசிரியர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, “மெஷின் என்னைப் பார்த்தேதான் பேசியது. எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டதே, அக்கா தங்கை இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை” என்றார். குரல் தழுதழுத்தது. எங்கள் மூவருக்கும் அப்படி ஒரு கேள்வி இருந்ததே நினைவில்லை.

மெஷின் யாருக்குப் போனது என்று மேடையில் இருந்தவர் கடைசி வரை சொல்லவில்லை. ரக்குகோ என்றால் ‘ஓச்சி’ என்ற முத்தாய்ப்பு இருக்கும். கேட்டதும் சிரிப்பு வெடிக்கும். இங்கே சிரிப்பு இல்லை. முதன்முறையாக எழுந்து நின்றார். துண்டை உதறி, மெஷினுக்கு உறை போடுவதுபோல் நாற்காலியின் மேல் விரித்தார். நான்கு ஓரங்களையும் இழுத்துச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் கைதட்ட மறந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். இந்தத் தடவை சீக்கிரமே டிக்கெட் எடுத்துவிட்டோம். நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, வலது ஓரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.