மியன்மார்ப் பணிப்பெண்ணின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த கதை

எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மியன்மாரின் சின் மாநிலத்துக்காரி. தந்த்லாங் பக்கம் ஒரு மலைக்கிராமம். 2020 தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தாள். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் செல்லும். பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டி இங்கே வொர்க் பெர்மிட் கிடைக்காது. அதனால் 2024 நடுவிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டோம். மியன்மார்ப் பணிப்பெண் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

"ஒரு மாசம் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பு, அங்கேயே மாற்றிக்கொண்டு வரட்டும்" என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். பழைய காலத்து யோசனை. 2024 பிப்ரவரி 10 அன்று ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. இவளுக்கு அப்போது வயது 27. பெண்களை இப்போதைக்கு அழைக்கமாட்டோம் என்று பிறகு சொன்னார்கள்தான். அந்தப் பேச்சை நம்பி யார் விமானம் ஏற்றிவிடுவது? அந்த மே மாதமே ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதையும் நிறுத்திவைத்தார்கள். இங்கே உள்ள மியன்மார்த் தூதரகத்திலேயே புதுப்பிப்பது என்று முடிவு செய்தோம். எல்லோருக்கும் அதே முடிவுதான், அதனால் கூட்டமும் அதற்கேற்ற கூட்டம்.

அடுத்து ஆவணங்கள். குடிமக்கள் அட்டை அவர்களுக்கு இளஞ்சிவப்பு நிறம். சின் மாநிலத்து எண் 4/ என்று தொடங்கும். அட்டையும் குடும்பப் பட்டியலும் ஊரில், அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி இப்போது இல்லை, வீடும் இல்லை.

இதை விளக்க 2021-க்குப் போகவேண்டும். 2020 நவம்பர்த் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி ஜெயித்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களில் டாக்டர்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள் என்று வேலையைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டி பானையைத் தட்டுவார்கள். இவள் சமையல்கட்டில் நின்று அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னடி இது, கிரகணமா?" என்று அம்மா கேட்டார். இங்கே அனுமதியில்லாமல் கூடக் கூடாது, வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவரக் கூடாது என்று போலீஸ் எச்சரித்திருந்ததால், அவளும் தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதியில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்.

அங்கே நிலைமை வேறாகப் போனது. ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். ஏப்ரலில் சின் மலைக்காரர்கள் வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு மிந்தாத் நகரில் ராணுவத்தோடு மோதினார்கள். செப்டம்பர் 7 அன்று, எதிர்த்தரப்பு அமைத்த தேசிய ஐக்கிய அரசு நாடு முழுக்க மக்கள் தற்காப்புப் போர் என்று அறிவித்தது. அதே மாதம் தந்த்லாங்கில் எரிகிற வீட்டை அணைக்க ஓடிய பாப்திஸ்து போதகர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபர் 29 அன்று ஒரே நாளில் அந்த ஊரில் 160-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஊரே காலியாகி, பலர் எல்லை தாண்டி மிசோரம் போய்விட்டார்கள். இவளுடைய அப்பாவும் அம்மாவும் மிசோரம் தலைநகர் ஐசாலில் இருக்கிறார்கள். தம்பி மட்டும் மலையிலேயே தங்கிவிட்டான், போராளிகளோடு.

நல்லவேளை, 2019-இல் ஏஜென்சிக்கு அனுப்ப எடுத்த படம் அவள் பழைய போனில் இருந்தது. அட்டையின் ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல் தெரிகிறது, எண் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டோம். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இப்படி என்ன இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வாங்கி, உங்கள் கணினியிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள்.

ஆவணத்தைவிடக் கஷ்டமானது பண விஷயம். ஏஜென்சி மூலம் வெளிநாடு வந்தவர்கள் சம்பளத்தில் குறைந்தது 25 சதவீதத்தை அதிகாரபூர்வ வங்கி வழியாக ஊருக்கு அனுப்பவேண்டும் என்று 2023-இல் ராணுவ அரசு உத்தரவு போட்டது. வெளிநாட்டு வருமானத்துக்கு வரியும் உண்டு. பாஸ்போர்ட் வேலைக்குப் போகும்போது ரசீதுகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அரசு வைத்த விகிதம் ஒரு அமெரிக்க டாலருக்கு 2,100 சட் (மியன்மார் நாணயம்). வெளிச்சந்தையில் 2024 ஆகஸ்டில் அது 6,000-ஐத் தாண்டியிருந்தது. இந்த இடைவெளியால்தான் பலர் உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியை, தேடிப் போகிறார்கள். இங்கே உரிமமில்லாமல் பணம் அனுப்பும் தொழில் சட்டவிரோதம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இவள் அப்பா அம்மா இந்தியாவில் இருக்கிறார்கள். மியன்மார் வங்கிக்கு அனுப்பினால் எடுக்கக்கூட ஆளில்லை. யாங்கூனில் இருக்கும் ஒரு சித்தி பேரில் அனுப்பினாள். வங்கி வழியாகப் போகும் டாலர் ராணுவ அரசின் கைக்குப் போகும், சித்திக்குக் கிடைப்பது சட். முதல் ரசீதை என்னிடம் நீட்டியபோது சொன்னாள்: "அக்கா, இந்தக் காசில குண்டு வாங்குவாங்க. அதைத் தம்பி இருக்கிற மலையில போடுவாங்க." அவள் தமிழ் அம்மாவிடம் பழகியது, சுற்றி வளைக்கத் தெரியாது. நான் என்ன சொல்ல? அனுப்பாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் ஐசாலில் வாடகை இல்லை. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் அனுப்பினோம். சரியென்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை, வேறு வழியும் தெரியவில்லை.

இடையில் ஓர் இடைத்தரகர், "கூடுதலாகக் கொடுத்தால் தேதி சீக்கிரம் கிடைக்கும்" என்று அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் கேட்டார். வேண்டாமென்று நாங்களே முன்பதிவு செய்து, தேதி கிடைக்கும்வரை காத்திருந்தோம். அவகாசம் இருந்ததால் முடிந்தது. கடைசி இரண்டு மாதத்தில் தொடங்குபவர்களுக்கு அந்தத் தைரியம் வராது. போகிற நாளில் ஒவ்வொரு தாளிலும் இரண்டு நகல் கொடுத்து அனுப்புங்கள். அந்த நாளுக்காக அவளுடைய வார விடுப்பை வெட்டாதீர்கள்.

புதுப் பாஸ்போர்ட் வந்ததும் வேலை முடிந்துவிடாது. எண் மாறிவிடுகிறது. மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் அதை மாற்றிவிட்டுப் பெர்மிட்டைப் புதுப்பியுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள், அவளுக்காக நாம் அரசிடம் கொடுத்திருக்கும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணையும் புதுப் பெர்மிட் காலத்துக்கு நீட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவளுடைய வங்கிக்கும் பணம் அனுப்பும் செயலிக்கும் அதே நாளில் தெரிவிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த மாதம் ஐசாலுக்குப் பணம் போகாது.