லிண்டாவில இப்ப இஞ்சின் மாத்துறேல்லை

சூரிச்சில இருந்து மியூனிக்குக்கு ரெயினில முந்தி நாலே முக்கால் மணித்தியாலம். 2020 டிசம்பரில கரண்ட் கம்பி பூட்டி முடிய நாலாச்சு, இப்ப ஏறக்குறைய மூன்றரை. புது அதிவேகப் பாதை போட்டிட்டாங்கள் எண்டுதான் எங்கட சனம் கன பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். அப்பிடி ஒண்டுமில்லை. இது பழைய பாதைதான்.

பழைய ரெயினிலை போனவைக்கு லிண்டாவை மறக்கேலாது. கொன்ஸ்டன்ஸ் ஏரிக்குள்ள இருக்கிற தீவு. ரெயின் தீவுக்குள்ள போய் நிக்கும், அங்காலை தண்டவாளம் இல்லை. சுவிஸ் மின்சார இஞ்சினைக் கழட்டுவினம். மற்றப் பக்கத்தால சிவப்பு டீசல் இஞ்சின் ரெண்டு, 218 எண்ட வகைப் பழசுகள், உறுமிக்கொண்டு வந்து கொழுவும். பெட்டி ஒருக்காக் குலுங்கும். அதுவரைக்கும் முன்னுக்குப் பார்த்து இருந்த ஆக்கள் மிச்சத் தூரத்துக்குப் பின்னுக்குத்தான். என்ர மச்சாளுக்கு அந்த இடத்திலதான் சத்தி வரத் தொடங்கும். சிகரெட் பத்துற ஆக்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

விசயம் இதுதான்: சுவிஸ் பக்கமும் ஒஸ்ரியாவில பிரெகென்ஸ் பக்கமும் கம்பி இருந்தது. மியூனிக்கில இருந்து கெல்ட்டென்டோர்ஃப் வரைக்கும் இருந்தது. நடுவில 155 கிலோமீற்றர் தூரத்துக்குத் தலைக்கு மேல வெறும் வானம். அதுக்குக் கம்பி இழுக்க சுவிஸ் 50 மில்லியன் யூரோவைக் கடனா முன்கூட்டியே குடுத்தது. அடுத்த நாட்டுத் தண்டவாளத்துக்கு எங்கட வரிக்காசோ எண்டு வேலையிடத்தில புறுபுறுத்தவை இருக்கினம். எனக்கெண்டால் நியாயமாத்தான் படுது. இந்தப் பாதையால கூட லாபம் எங்களுக்குத்தானே.

இப்ப ஓடுறது சாயுற ரெயின். வளைவில பெட்டி உள்பக்கமாச் சரியேக்கை, வெளியால வயல் எழும்பி நிக்கிறமாதிரி இருக்கும். தீவுக்குள்ள போறேல்லை. கரையில லிண்டா-ரொய்ட்டின் எண்ட ஸ்ரேசனில நிண்டுட்டு மெம்மிங்கன் பக்கம் போகும். பாவம் கெம்ப்டன் ஆக்கள், முந்தி அவையின்ர ஊராலதான் போனது.

போற ஆக்கள் இடப்பக்க ஜன்னலைப் பாத்துப் பிடியுங்கோ, ஏரி அந்தப் பக்கம்தான். பிரெகென்ஸ் பக்கத்தில இன்னும் ஒற்றைத் தண்டவாளத் துண்டுகள் இருக்கு. எதிர் ரெயின் பிந்தினால் நீங்களும் பிந்துவீங்கள். மியூனிக்கில பிளேன் பிடிக்கிறதெண்டால் ஒரு ரெயின் முந்தியே ஏறுங்கோ. அடுத்தது வர ரெண்டு மணித்தியாலம் ஆகும்.