மாமல்லபுரம் பக்கம் குழந்தைகளோடு ரூம் போடுறவங்களுக்கு

"பீச் ரிசார்ட்"னு போர்டு இருந்தாலே வாசல்ல கடல்னு நம்பிடாதீங்க. மேப்ல சாட்டிலைட் படம் பாருங்க. நடுவுல சவுக்குத்தோப்போ, ஏன் ஈசிஆர்ங்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையே கூட கிடக்கும். போன்லயே கேட்டுடுங்க: எந்த வயசுல இருந்து எக்ஸ்ட்ரா பெட் காசு, காலை டிபன் எத்தனை பேருக்கு. நீச்சல்குளம் நாலடின்னா அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தலை முங்கும். பல இடத்துல காட்டன் துணியோட இறங்க விடமாட்டாங்க, நைலான் எடுத்துக்குங்க.

குழாய்த் தண்ணி உப்பா இருந்தா சோப்பு நுரைக்கவே நுரைக்காது. மண்ணுக்காலோட பாத்ரூம் போனா ஜல்லடை அடைச்சு, தண்ணி ரூமுக்குள்ள வரும், வெளிக்குழாய்லயே கழுவிடுங்க.

கடல்ல முட்டிக்கு மேல வேண்டாம். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில மண்ணை அரிச்சுட்டுப் போகும், நின்ன இடமே சரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் மோசம்.