அந்தக் கடைசி மூன்று ரவுண்டு

ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன் ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதில் 43 நாக் அவுட். “எல்லாரையும்விடப் பெரிய ஆள் அவருதான். இதுக்கு மேல என்னங்க பேச்சு?” என்று கேட்டுவிட்டு டீ கிளாஸை மேசைமேல் டொக்கென்று வைப்பார் என் மச்சான். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் நோட்டை மூடிவிடுவார். எனக்கு நடுவில் இருக்கும் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஹெவிவெயிட் பாக்ஸிங் பேச எங்களுக்கு ஒரு முகாந்திரமும் கிடையாது. வடசென்னை மாதிரி இங்கே பரம்பரையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கேபிள் டிவி வந்த புதிதில் மைக் டைசனைப் பார்த்தோம், ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு பேக்கரிக்குப் போவோம். தேங்காய் பன், டீ, ஃபோனில் ஒரு பழைய சண்டை. பேக்கரிக்காரர் எங்கள் சத்தத்துக்குப் பழகிவிட்டார்.

சரி, நடுப்பக்கம். 1951 அக்டோபரில் மார்சியானோ ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். லூயிஸ் என்றால் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காப்பாற்றிய ஆள். ஆனால் மார்சியானோ அடித்தபோது அவருக்கு 37 வயது. வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்ததால் மறுபடி கையுறை மாட்டியவர். மார்சியானோ பட்டம் வாங்கியது ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து. அவருக்கு 38. இதையெல்லாம் மச்சானிடம் சொன்னால், “அதுக்கு மார்சியானோ என்ன பண்ணுவாரு?” என்கிறார். நியாயம்தான். அவரவர் காலத்தில் இருப்பவர்களோடுதான் மோத முடியும்.

நான் சொல்ல வருவது வயதைப் பற்றி இல்லை. அந்த வால்காட் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்தான் முன்னால். 13ஆவது ரவுண்டு. வால்காட் கயிற்றோரம் பின்வாங்குகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலது கையை எடுக்கிறார்கள். மார்சியானோவின் குத்து மிகவும் குட்டை. ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது. அது தாடையில் போய் முதலில் விழுந்தது. வால்காட் மடங்கி, இடது கை கயிற்றில் மாட்டித் தொங்க, அப்படியே சரிந்தார். பத்து எண்ணி முடித்தார்கள்.

அன்று பட்டச் சண்டை 15 ரவுண்டு. இன்றைக்கு 12தான். அன்றும் அப்படி இருந்திருந்தால் வால்காட் கையைத்தான் தூக்கியிருப்பார்கள். மச்சானின் 49-0, 48-1 ஆகியிருக்கும்.

லூயிஸின் கதையும் இதேதான். 1941 ஜூனில் பில்லி கான் என்கிற லைட் ஹெவிவெயிட்காரர், எடையில் எவ்வளவோ குறைந்தவர், 12 ரவுண்டு வரை லூயிஸைச் சுற்றிச் சுற்றி அடித்தார். இரண்டு நடுவர்களிடம் கான் முன்னிலை, மூன்றாமவரிடம் சமம். 13ஆவது ரவுண்டில் நகர்ந்துகொண்டே இருந்திருக்கலாம். நாக் அவுட் பண்ணியே தீருவேன் என்று நெருங்கிப் போனார். ரவுண்டு முடிய இரண்டு வினாடி இருக்கும்போது அவரை எண்ணி முடித்தார்கள். 12 ரவுண்டோடு நிறுத்தியிருந்தால் லூயிஸின் 12 வருட ஆட்சி பாதியிலேயே அறுந்திருக்கும்.

ரவுண்டைக் குறைத்தது தப்பு என்று சொல்லவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் டுக் கூ கிம், 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்தே போனார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அமைப்பாக 15ஐ 12 ஆக்கின. குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குறைத்த பிறகு, அந்தக் காலத்து ஆளையும் இந்தக் காலத்து ஆளையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. இரண்டும் வேறு வேறு நீளமுள்ள ஓட்டம்.

தாராபுரம் பக்கத்திலிருந்து மாமனார் வந்திருந்தால் இந்தப் பேச்சு இன்னும் சூடாகும். சேவல் வளர்ப்பவர். பூலாம்வலசு சேவல்கட்டு என்றால் பொங்கலைக்கூட மறந்துவிடுவார். மார்சியானோவும் இந்தக் காலத்து டைசன் ஃபியூரியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பட்டறைப் பையன் கேட்டதற்கு, “ஏனுங் மாப்ள, இவங்க எடை எவ்வளவுங்க?” என்று என்னைப் பார்த்தார். மார்சியானோ 84 கிலோ பக்கம், 2020இல் வைல்டரை அடித்தபோது ஃபியூரி 124 கிலோ என்றேன். “கட்டுல கையில தூக்கிப் பார்த்து, பக்கத்துல வச்சு உசரம் பார்த்து, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் ஜோடி சேர்ப்பாங்க. இதை எவன் ஜோடி சேர்ப்பான்?” என்று சொல்லிவிட்டு பன்னைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. இன்றைக்கு 90.7 கிலோ வரை குரூசர்வெயிட். மார்சியானோ அதில்தான் வருவார். ஷ்மெலிங்கை 1938இல் 124 வினாடியில் முடித்த லூயிஸும் அதில்தான் வருவார். அந்தப் பிரிவே 1970களின் கடைசியில் வந்தது. அதற்கு முன் 79 கிலோவைத் தாண்டிவிட்டால் நேராக ஹெவிவெயிட்தான்.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் கம்ப்யூட்டரிடம் பதில் கேட்டார்கள். 1969இல், ரிட்டயர் ஆகிப் பதிமூன்று வருடமான மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்து, பாக்ஸிங் போடத் தடையில் இருந்த முகமது அலியோடு கேமரா முன்னால் குத்துகிற மாதிரி நடித்தார். எல்லா முடிவுக்கும் தோதாகக் காட்சிகள் எடுத்து வைத்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டியபோது 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் பண்ணினார். ஐரோப்பாவில் அலி ஜெயித்தார்! ஊருக்கு ஒரு தீர்ப்பு. மார்சியானோ இதைப் பார்க்கவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், விமான விபத்தில் போய்விட்டார்.

ஆகவே யார் யாரை அடிப்பார் என்பதை விட்டுவிட்டு, நடந்த சண்டைகளில் எது பெரியது என்று பேசலாம் என்றேன். அதிலும் அடிதடிதான். பையன் கின்ஷாசா என்றான். 1974 அக்டோபர் 30, 40 சண்டையில் தோல்வியே காணாத ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்துகொண்டே களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் அலி முடித்தது. அது பெரிய தந்திரம். பெரிய சண்டை என்று சொல்ல மாட்டேன். ஃபோர்மனின் பெட்ரோல் தீர்ந்ததும் முடிந்துவிட்டது.

என் கணக்கில் 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலி 31-0, ஜோ ஃபிரேசியர் 26-0. ஆளுக்கு 25 லட்சம் டாலர். ரிங் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தவர்களில் ஒருவர் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. மூன்றரை வருடம் ரிங் ஏறாமல் இருந்த அலிக்குக் கால் பழைய வேகத்தில் இல்லை. ஃபிரேசியர் குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டே, நெஞ்சுக்குள் நுழைந்து நுழைந்து அடிக்கிறார். சின்ன வயதில் அடிபட்டு முழுதாக நீளாமல் போன இடது கை அவருடையது. வளைத்து அடிக்கிற லெஃப்ட் ஹுக்குக்கு அந்த வளைவே போதுமானதாக இருந்தது. 15ஆவது ரவுண்டில் அந்தக் கை கீழிருந்து கிளம்பி அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாக்க விழுந்தார். சிவப்புக் குஞ்சம் கட்டிய ஷூ இரண்டும் காற்றில். நான் எத்தனை தடவை பார்த்தாலும் ஆச்சரியப்படுவது அடுத்த நொடிக்குத்தான்: அந்த அடியை வாங்கியவர் உடனே எழுந்து நின்று, மிச்ச ரவுண்டையும் முடித்தார். தோற்றார். அலி என் பட்டியலில் முதல் ஆளாக இருப்பதற்கு அந்தத் தோல்வி ஒரு பெரிய காரணம்.

1975இல் மணிலாவில் மூன்றாவது தடவை. 14 ரவுண்டு முடிந்ததும், முகம் வீங்கிக் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15ஆவது ரவுண்டுக்கு அனுப்பவில்லை. ஃபிரேசியர் எவ்வளவோ மறுத்தார். ஃபட்ச் கேட்கவில்லை. எனக்கு ஃபட்ச்தான் அன்றைய ஹீரோ.

டைசனைப் பற்றிப் பையன் பேச ஆரம்பித்தால் மாலை ஆகிவிடும். 20 வயதில் பட்டம், ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தது, எல்லாம் சரி. டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் அடி வாங்கி வீங்கிய கண்ணை அமுக்க, டைசனுடைய கார்னரில் குளிர்ந்த இரும்புகூட இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். உலக சாம்பியன்! என் பட்டறையில் இந்த லட்சணத்தில் ஒருவன் வேலைக்கு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இந்தக் காலத்து ஆட்களில் உக்ரைனின் உசிக்கை மட்டும் நான் மறுக்கவில்லை. குரூசர்வெயிட்டில் எல்லாப் பெல்ட்டையும் வாங்கிவிட்டு மேலே வந்து, தன்னைவிட 15 கிலோவுக்கு மேல் கூடுதலான ஃபியூரியை 2024 மே மாதம் ரியாத்தில் வென்றார். மாமனார் ஜோடி சேர்க்க மறுத்திருப்பார். உசிக் சேர்ந்து ஜெயித்தார். 2018இல் ஃபியூரியும் வைல்டரும் டிரா ஆன சண்டையைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். 12ஆவது ரவுண்டில் செத்தவர்போல் கிடந்த ஃபியூரி எழுந்து வந்து வைல்டரைத் துரத்துகிறார், மணி அடித்துவிட்டது. 13 என்று ஒன்று இருந்திருக்கக் கூடாதா?

இப்போது யாரும் பேசாத ஆள் ஒருவர்: லாரி ஹோம்ஸ். இவரைவிட நல்ல ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்து, எந்த ஹெவிவெயிட்டிடமும் நான் பார்த்ததில்லை. அலி, லூயிஸ், மூன்றாவது ஹோம்ஸ்; என் பட்டியல் இதுதான், மாற்றப்போவதில்லை. 1978 ஜூனில் கென் நார்ட்டனோடு மோதினார். 14 ரவுண்டு முடிந்தபோது இரண்டு பேரும் சமம். 15ஆவது ரவுண்டில் நார்ட்டன் முதலில் அடிக்கிறார், ஹோம்ஸ் தள்ளாடுகிறார், அப்புறம் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். இருவருமே ஓய்வதாக இல்லை. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கு, மூன்றாமவர் அதே 143-142 என்று நார்ட்டனுக்கு. ஒரே புள்ளியில் பட்டம்.

அந்தப் பட்டத்தோடு ஹோம்ஸ் 48-0 வரை வந்தார். இன்னும் ஒன்று ஜெயித்தால் மார்சியானோவைத் தொட்டுவிடலாம். 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். அதுவும் முழு 15 ரவுண்டு. இரண்டு நடுவர்களின் அட்டையில் வித்தியாசம், 143-142.