ஒரே வயலினுக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி

மகள் முக்கால் அளவு வயலினை விட்டு முழு அளவுக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவளுடைய ஆசிரியை சொன்னது போன வருட ஜூன் பள்ளி விடுமுறையில். சிங்கப்பூரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். அவளுக்குப் பிடித்த வயலின்கள் எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில் வயலின் 320 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்), வில்லோடு சேர்ந்த பெட்டி 150 வெள்ளிக்கும் கிடைத்தன. அனுப்பும் செலவு தனியாக இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் 470 வெள்ளிக்குக் கீழே பொருள் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, 42.30 வெள்ளி என்று ஒரு வரி இருந்தது. ஒன்பது விழுக்காடு, கணக்குச் சரி. மொத்தம் 512.30 வெள்ளி கட்டினேன்.

பத்து நாள் கழித்து கூரியர் நிறுவனத்தின் பெயரில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் பார்சலுக்கு 64.10 வெள்ளி பாக்கி, கட்டினால்தான் கொண்டுவந்து தருவோம் என்றது. கூடவே ஒரு இணைப்பு.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது வரியைவிட ஆபத்தான இடம். பார்சல் பெயரைச் சொல்லி வரும் மோசடிச் செய்திகளில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இருக்கிறார்கள். அந்த இணைப்பை நான் தொடவில்லை. கூரியரின் சொந்தச் செயலியைத் திறந்து, விற்பனையாளர் தந்த பார்சல் எண்ணை நானே தட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே 64.10 வெள்ளி காட்டியது. அதற்கப்புறம்தான் நம்பினேன். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செயலியில் தொகையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கூரியரின் சேவைக் கட்டணம் வரியோடு 21.80 வெள்ளி. இறக்குமதி ஜிஎஸ்டி 42.30 வெள்ளி.

42.30. நான் ஏற்கெனவே கட்டிய அதே தொகை, காசு பிசகாமல். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை வரி கேட்கிறார்கள் என்று புரிந்தது. வேறு வேறு தொகையாக இருந்திருந்தால், ஏதோ சுங்க வரி போலிருக்கிறது என்று பேசாமல் கட்டியிருப்பேன். உண்மையில் சிங்கப்பூரில் சுங்க வரி என்பது மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும்தான். வயலினுக்குச் சுங்க வரி கிடையாது, ஜிஎஸ்டி மட்டுமே.

ஏன் இப்படி ஆகிறது என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பக்கங்களையும் சுங்கத்துறையின் பக்கங்களையும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். 2022 வரை, விமானத்திலோ தபாலிலோ வரும் பார்சலின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் ஜிஎஸ்டி இல்லை. அதே பொருளை இங்கே பதிவுபெற்ற கடையில் வாங்கினால் உண்டு. உள்ளூர்க் கடைக்காரருக்கு இது அநியாயம்தான். 2023 ஜனவரி 1 முதல் அதை மாற்றினார்கள். உலகளவில் ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரமும், அதில் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களிடம் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனையும் உள்ள வெளிநாட்டு விற்பனையாளர் இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 400 வெள்ளி வரையுள்ள பொருள்களுக்கு விற்கும்போதே வரியை வசூலிக்க வேண்டும். பெரிய இணையச் சந்தைகள் தங்கள் தளத்தில் விற்கும் சிறு வியாபாரிகளுக்காகவும் சேர்த்து வசூலிக்கின்றன. அப்போது வரி 8 விழுக்காடு. 2024 ஜனவரி 1 முதல் 9.

இந்த மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன். எனக்கு வரி கட்டுவதில் வருத்தமில்லை, ஒரே வரியை இரண்டு முறை கட்டுவதில்தான்.

சிக்கல் எங்கே என்றால், விற்பவர் ஒரு படியால் அளக்கிறார், சுங்கத்துறை வேறு படியால் அளக்கிறது. விற்பவர் ஒவ்வொரு பொருளாகப் பார்க்கிறார். வயலின் 320, பெட்டி 150. இரண்டுமே 400க்குள், ஆகவே இரண்டுக்கும் வரி வாங்கிவிட்டார். சுங்கத்துறை பார்சலை மொத்தமாகப் பார்க்கிறது. வயலினைப் பெட்டிக்குள் வைத்துத்தானே அனுப்புவார்கள்? ஒரே பார்சல், 470 வெள்ளி. 400ஐத் தாண்டிவிட்டது, ஆகவே இறக்குமதி ஜிஎஸ்டி. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வாங்குபவர்.

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வரி ஏற்கெனவே வாங்கப்பட்டது என்ற தகவலையும் தன் ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் விற்பவர் பார்சலோடு கூரியருக்குத் தர வேண்டும். கூரியர் அதைச் சுங்கத்துறைக்குத் தரும் விவரத்தில் சேர்த்தால் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். என் பார்சலில் அந்தத் தகவல் வரவே இல்லை. பின்னால் வீட்டுக்கு வந்தபோது மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். இரண்டு பொருளும் விலையும் சரியாக இருந்தன. விற்பவரின் வரி எண் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஒரு கட்டத்தை நிரப்பாததால் 64.10 வெள்ளி.

முதலில் கூரியரிடம் பேசினேன். எடுத்த பெண் பொறுமையாகவே கேட்டார். சுங்க பெர்மிட் (இறக்குமதி அனுமதித் தாள்) எடுத்து வரியும் கட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, விற்றவரிடம் கேளுங்கள் அக்கா என்றார். பார்சல் விமானத்தில் வந்துகொண்டிருக்கும்போதே ரசீதை அனுப்பியிருந்தால் பெர்மிட்டுக்கு முன் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். மகளுக்கு அடுத்த வாரம் கோயிலில் கச்சேரி, புதுக் கருவியில் அவள் கை பழக வேண்டும். பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் வார்னிஷும் ரோசினும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் முகத்தைப் பார்த்தபோது அந்த 64 வெள்ளி கொஞ்ச நேரம் மறந்தே போனது.

அப்புறம் இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவை. முதல் பதில்: இறக்குமதிக் கட்டணங்கள் வாங்குபவரின் பொறுப்பு. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாத விற்பனையாளர் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். என்னிடம் வரியை வாங்கி ரசீதில் எழுதிக் கொடுத்தவர் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டாம் பதில்: பொருளைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருகிறோம். வயலினில் எந்தக் குறையும் இல்லையே, எதற்குத் திருப்ப வேண்டும்? நான் எழுதிய விதமும் சரியில்லை என்று அப்போதுதான் தோன்றியது. பத்தி பத்தியாக நடந்த கதையை எழுதியிருந்தேன். படிப்பவருக்கு எது வரி, எது கட்டணம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

மூன்றாவது முறை கதையை விட்டுவிட்டேன். பார்சல் எண், ஆர்டர் எண், அதற்குக் கீழே ஒரே வாக்கியம்: "இந்தப் பொருள்களுக்கு நீங்கள் 42.30 வெள்ளி ஜிஎஸ்டி வசூலித்தீர்கள்; இறக்குமதியிலும் அதே பொருள்களுக்கு 42.30 வெள்ளி ஜிஎஸ்டி கட்டியிருக்கிறேன். நீங்கள் வசூலித்ததைத் திருப்பித் தாருங்கள்." கூடவே மூன்று தாள்கள்: அவர்களுடைய பதிவு எண் உள்ள ரசீது, கூரியரின் ரசீது, கூரியரிடம் கேட்டு வாங்கிய பெர்மிட் நகல். பெர்மிட்டை யாரும் தானாகத் தரமாட்டார்கள், கேட்டால்தான் தருவார்கள். வரி உண்மையிலேயே அரசுக்குப் போனது என்று காட்டுவது அந்தத் தாள்தான். அரசுக்கு இறக்குமதி வரி போய்விட்ட நிலையில் விற்றவர் தாம் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதே முறை என்றும், அதற்குக் கட்டிய அத்தாட்சி வேண்டும் என்றும் அந்த இரண்டு இரவில் படித்திருந்தேன். அதையும் ஒரு வரி சேர்த்தேன்.

நான்கு நாளில் வரிப் பிரிவிலிருந்து ஒருவர் எழுதினார். நான் சொந்த உபயோகத்துக்காக வாங்கினேனா, நிறுவனத்துக்காகவா என்று மட்டும் கேட்டார். சொந்த உபயோகம் என்றேன். அடுத்த வாரம் 42.30 வெள்ளி அட்டைக்குத் திரும்பியது. முதல் கடிதத்திலிருந்து எண்ணினால் 19 நாள். கூரியரின் 21.80 வெள்ளி திரும்பவில்லை. அதையும் கேட்டேன், அது கூரியருடைய கட்டணம், எங்களுடையது அல்ல என்றார்கள். வரி எண்ணை எழுதாமல் விட்டது அவர்கள் தரப்பு. அந்த 21.80ஐ அவர்கள் ஏற்றிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர், விலையைக் குறைத்து எழுதச் சொல்லியிருக்கலாமே என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டினால் ஏய்த்த வரியைப்போல 20 மடங்குவரை அபராதம் போட முடியும், சிறையும் உண்டு.

இன்னொன்று, பதிவு செய்யாத சிறு கடைகளிடம் வாங்கும்போது. என் அண்ணி சென்னையில் ஒரு சிறு கடையிலிருந்து நாட்டிய உடையும் சலங்கையும் வரவழைத்தார். பொருள் 380 வெள்ளி, விமானச் செலவு 35. நானூறுக்குள்தானே என்று நினைத்திருந்தார். சுங்கத்துறை பார்ப்பது அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த மதிப்பு. 415 ஆனது. வரியும் மேலே போன 15 வெள்ளிக்கு மட்டும் இல்லை, முழு 415க்கும். 37.35 வெள்ளி கட்டினார். இதில் தவறு ஒன்றும் இல்லை, விதி அப்படி. முன்பே தெரிந்திருந்தால் சலங்கையை அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த மாமாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருப்பார்.

இந்த ஜனவரியில் மகளின் தோழிக்கும் அதே சந்தையில் வயலின் வாங்கினார்கள். கருவி 390, தோள்தாங்கியும் மற்றவையும் 60. மறுபடியும் ஒரே பார்சல், 450 வெள்ளி. இந்த முறை பணம் கட்டிய அன்றே அவள் அம்மா விற்பவருக்கு எழுதினார்: உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் வரி கட்டப்பட்டது என்பதையும் பார்சல் விவரத்தில் சேருங்கள். கூரியர் பெயர் தெரிந்ததும் ரசீதை அவர்களுக்கும் அனுப்பிவிட்டார். அந்த எண் உண்மையிலேயே பதிவில் இருக்கிறதா என்று வருவாய் ஆணையத்தின் இணையத் தேடலில் நான் பார்த்துக் கொடுத்தேன். இருந்தது.

பார்சல் வந்த அன்று அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பிள்ளைகள் இருவரும் பெட்டியைப் பிரிக்க ஓடினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் எண் இருந்தது. கூரியர் தம்பி கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.